2007 ஸ்விஃப்ட் ஸ்போர்ட்: இரண்டாம் முறை சிஓஇயா, ஸ்கிராப்பா?

#1 செங்காங்_ஸ்விஃப்ட்

சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், ஜெட்சி31எஸ். 1586 சிசி எம்16ஏ எஞ்சின், 5 கியர் மேனுவல். சிங்கப்பூரில் 2007இல் பதிவு. 2017இல் 10 வருஷத்துக்கு சிஓஇ (கார் வைத்திருக்க ஏலத்தில் விலை முடிவாகும் உரிமம்) புதுப்பித்தாச்சு, 2027 நடுவில் அது முடிகிறது. மீட்டர் 238,000 கி.மீ.

இப்போது இருக்கும் கோளாறுகள்:
காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒன்றிரண்டு வினாடி கடகட சத்தம், பிறகு இல்லை. இரண்டிலிருந்து மூன்றாம் கியருக்கு வேகமாகப் போட்டால் கரகரக்கிறது. எஞ்சின் ஆயில் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை. நண்பகலில் சிக்னலில் நின்றால் ஏர்கான் குளிரவில்லை. பெருமழை பெய்தால் முன்பக்கப் பயணி காலடியில் ஈரம். கூரையில் பெயிண்ட் உரிகிறது.

மூன்று வழி: 10 வருஷம் கட்டுவது, 5 வருஷம் கட்டுவது, விட்டுவிடுவது. வண்டியை விட மனசு வராது என்பது தெரிந்ததுதான், அதை விட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

#2 கணக்குப்பிள்ளை

முதலில் ஒரு விஷயம். இது இரண்டாம் புதுப்பிப்பு. 2017இல் புதுப்பித்தபோதே பார்ஃப் தள்ளுபடி (10 வயதுக்குள் பதிவை நீக்கினால் திரும்ப வரும் பதிவுக் கட்டணப் பகுதி) கைவிட்டுப் போய்விட்டது. அதனால் இப்போது "பார்ஃபை இழக்கிறோமே" என்ற கவலை உங்களுக்குக் கிடையாது. சிஓஇ பணம் மட்டும்தான் கணக்கு.

நீங்கள் கட்ட வேண்டியது பிகியூபி. கடந்த 3 மாத ஏலங்களின் சராசரி அது. உங்கள் வண்டி 1600 சிசிக்குள், 125 பிஎஸ் என்றால் 92 கிலோவாட், ஆக ஏ பிரிவு. மாதம் இரண்டு ஏலம். இரண்டாவது ஏலம் முடிந்த அன்றே அடுத்த மாதப் பிகியூபியை நீங்களே கூட்டி வகுத்துக் கண்டுபிடிக்கலாம். இந்த மாதம் கட்டுவதா அடுத்த மாதமா என்பதைக் குருட்டாம்போக்கில் முடிவுசெய்ய வேண்டியதில்லை. விலை எவ்வளவு ஆடும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2023 அக்டோபரில் ஏ பிரிவு 106,000 வெள்ளி, 2024 ஜனவரி முதல் ஏலத்தில் 65,010. சராசரி என்பதால் பிகியூபி இதைவிட மெதுவாக ஏறி இறங்கும். ஏலம் சரிந்துகொண்டிருக்கும்போது பொறுத்திருப்பதும் ஏறிக்கொண்டிருக்கும்போது முந்துவதும் லாபம்.

கணக்குக்கு வசதியாகப் பிகியூபி 100,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

10 வருஷம்: 100,000. வருஷத்துக்கு 10,000.
5 வருஷம்: பாதி, 50,000. வருஷத்துக்கு அதே 10,000. ஆனால் 5 வருஷம் முடிந்தால் மறுபடி புதுப்பிக்க முடியாது. வண்டி பதிவு நீங்கியே ஆக வேண்டும்.

சாலை வரி: 1586 சிசிக்கு வருஷம் சுமார் 735 வெள்ளி. 10 வயது தாண்டியதும் 10 விழுக்காட்டில் தொடங்கி வருஷாவருஷம் ஏறும் கூடுதல் கட்டணம், 14 வயதுக்கு மேல் 50 விழுக்காட்டில் நின்றுவிடும். நீங்கள் ஏற்கெனவே உச்சத்தில் இருக்கிறீர்கள், சுமார் 1,102 வெள்ளி. இனி வயதுக்காக ஏறாது. இன்ஸ்பெக்‌ஷனும் 10 வயதிலிருந்து வருஷம் ஒருமுறைதான், அதிலும் மாற்றமில்லை.

என் கருத்து: எண்ணாயிரம் பத்தாயிரம் ரிப்பேர் காத்திருக்கும் வண்டிக்கு ஆறு இலக்கப் பணம் கட்டுவது சரியில்லை. விடுங்கள்.

#3 காக்கிபுக்கிட்_ஸ்பேனர்

கணக்குப்பிள்ளை சார், பட்டியலில் உள்ள கோளாறு எதுவும் இந்த வண்டியைக் கொல்லாது. கொல்லக்கூடியது ஒன்றுதான், அதைத் தம்பி கடைசியில் சாதாரணமாக எழுதியிருக்கிறார்: காலடி ஈரம்.

எஞ்சின், கியர்பாக்ஸ், ஏர்கான் எல்லாம் போல்ட்டில் நிற்பவை. கழற்றி வேறு போடலாம். தரைத்தகடும் ஸ்பிரிங் உட்காரும் இடமும் துருப்பிடித்துவிட்டால் வேறு உடம்பு வாங்க முடியாது. அதனால் ஒரு வெள்ளி செலவழிக்கும் முன் உடம்பைப் பாருங்கள். இந்த வரிசையில் போங்கள்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பிரியுங்கள். மழையே இல்லாத நாளிலும் ஏர்கான் போட்டு ஓட்டியபின் ஈரம் இருந்தால், ஏர்கான் தண்ணீர்க் குழாய் அடைப்பு. சின்ன வேலை. மழைக்கு மட்டும் வந்தால் முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் மூடியைக் கழற்றுங்கள். நம்மூர் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்திய வண்டிகளில் அந்தப் பொடி இலை உள்ளே போய் மக்கி, வடிகால் துளையைச் சேறுபோல அடைத்திருக்கும். தண்ணீர் தேங்கி, ஏர்கான் காற்று இழுக்கும் வாய் வழியாக உள்ளே இறங்கும். இலையை அள்ளிவிட்டு ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். சக்கர வளைவுக்குப் பின்னால் தாராளமாக வடிய வேண்டும். வடிந்தும் ஈரம் என்றால் கதவு உள்பலகையைக் கழற்றிப் பிளாஸ்டிக் தாள் ஒட்டு விட்டிருக்கிறதா பாருங்கள்.

அடுத்தது, பயணி இருக்கையின் நான்கு போல்ட்டையும் கழற்றிக் கம்பளத்தைத் தூக்குங்கள். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அடியில் உள்ள பஞ்சு மாதக்கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். தகட்டில் மேலோட்டமான செம்பழுப்பு என்றால் தேய்த்து, துருநீக்கி, இபாக்ஸி பிரைமர் அடித்தால் முடிந்தது. தகடு அடுக்கடுக்காக உரிந்தால் கவனம். இருக்கை போல்ட் வந்து இறங்கும் இடத்திலும் கதவுக்கீழ்ப் பெட்டியோடு சேரும் தையலிலும் அப்படி இருந்தால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், வண்டியை விட்டுவிடுங்கள்.

பிறகு லிஃப்டில் ஏற்றுங்கள். ஜாக் வைக்கும் விளிம்பு, பின் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம், முன் சப்ஃபிரேம், பேட்டரித் தட்டுக்கு அடியில், பின்கதவில் நம்பர் பிளேட் விளக்குப் பக்கம். ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். கணீர் என்றால் நல்லது, பொத் என்றால் உள்ளே வெறும் துரு. புதிதாகக் கருப்புப் பூச்சு அடித்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். துருவின் மேல் அடித்த பூச்சு அதை மூடி வளர்க்கும்.

கூரைப் பெயிண்ட் உரிவது பார்வைக்குத்தான். பலமாடிக் கார்ப்பேட்டையின் திறந்த மேல்தளத்தில் நிற்கும் எந்த வண்டிக்கும் அதே கதி. அதற்கு இப்போது காசு போடாதீர்கள்.

#4 மேனுவல்_மணி

கியரைப் பற்றி நான் சொல்கிறேன். நேரே கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொல்லும் கடையில் வண்டியை விடாதீர்கள்.

எஞ்சின் ஐடிலில் ஓட, கிளட்சை முழுக்க மிதித்து நான்கு வினாடி பிடித்து, ரிவர்ஸ் போடுங்கள். அங்கேயும் கரகரத்தால் கிளட்ச் முழுதாக விலகவில்லை, குற்றம் கியர்பாக்ஸில் இல்லை. ரிவர்ஸ் அமைதியாக விழுந்து, மூன்றாவது மட்டும் கரகரத்தால், ஓட்டும்போது நியூட்ரலில் கிளட்சை ஒருமுறை விட்டு மறுபடி மிதித்து மூன்றைப் போட்டுப் பாருங்கள். சத்தம் மறைந்தால் மூன்றாம் கியர் சிங்க்ரோ (கியர் விழும்முன் வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் வளையம்) தேய்ந்திருக்கிறது. இந்த மாடலில் அது புதிதல்ல.

அப்போதும் முதல் மருந்து ஆயில்தான். மேனுவல் சொல்லும் தரத்தில் 75டபிள்யூ-90 போடுங்கள். ஜிஎல்-5 மட்டும் என்று எழுதிய ஆயிலைக் கண்ணை மூடி ஊற்றாதீர்கள். அதில் உள்ள சில சேர்மானங்கள் பித்தளை சிங்க்ரோவுக்கு ஆகாது, வழுவழுப்பு அதிகமானால் சிங்க்ரோ பிடிக்கவும் செய்யாது. வடித்த ஆயிலில் பொன்னிறப் பொடி கொஞ்சம் இருப்பது இயல்பு. நகத்தில் நிற்கும் அளவு எஃகுச் சில் இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

கியர்பாக்ஸைக் கீழே இறக்கியே ஆக வேண்டும் என்றால், அதே கூலியில் கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் பின் சீல் நான்கையும் மாற்றிவிடுங்கள். தனித்தனியாகச் செய்தால் ஒரே கூலியை இரண்டு முறை கொடுப்பீர்கள்.

இன்னொன்று, கணக்குப்பிள்ளை கணக்கில் வராதது: ஆயிரம் கிலோ சொச்ச எடையில், டர்போ இல்லாமல் 7,000 சுற்றை நெருங்கும் மேனுவல் வண்டி இன்று ஷோரூமில் கிடைப்பது அரிது. அதற்கு மாற்று எது என்று சொல்லிவிட்டு "விடுங்கள்" என்று சொல்லட்டும்.

#5 கணக்குப்பிள்ளை

மணி, மாற்று கிடையாது என்பது ஒப்புக்கொள்ளக்கூடியதே. அதற்கு நீங்கள் தரத் தயாராக உள்ள விலை என்ன என்றுதான் கேட்கிறேன்.

டிப்ரி (வருஷத் தேய்மானச் செலவு) கணக்கைச் சரியாகப் பார்த்தால், இன்று சாலையில் புதிதாக வரும் எந்தக் காரும் இதே அளவு சிஓஇயைத் தின்கிறது. அதற்கு மேல் காரின் விலை, ஏஆர்எஃப் என்ற கூடுதல் பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி. பழைய வண்டியில் அந்தப் பகுதி இல்லை, பதிலுக்கு ரிப்பேர். ஆகப் புது வண்டியோடு ஒப்பிட்டால் பழையது மலிவு என்பது உண்மை. காரே இல்லாமல் இருப்பதோடு ஒப்பிட்டால் வருஷம் 10,000 சிஓஇ, 1,102 வரி, இன்ஷூரன்ஸ், பார்க்கிங், பெட்ரோல், ரிப்பேர். எதோடு ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். சிஓஇ குறைவாக இருந்த காலத்தில் பதிவான வேறு பழைய கார் வாங்கினால் மிச்சம் என்று நினைக்க வேண்டாம். விற்பவருக்கும் இந்தக் கணக்கு தெரியும், விலையில் ஏற்றிவிட்டிருப்பார்.

#6 புங்கோல்_2017

இடையில் ஒரு கேள்வி. என் வண்டி 2017இல் புதிதாகப் பதிவானது, இது முதல் புதுப்பிப்பு. 5 வருஷமும் 10 வருஷமும் எனக்கும் ஒரே செலவுதானா?

#7 கணக்குப்பிள்ளை

இல்லை. உங்களுக்குப் பார்ஃப் இருக்கிறது. 10 வயது முடியும்முன் பதிவை நீக்கினால் கட்டிய ஏஆர்எஃபில் 50 விழுக்காடு கையில் வரும். புதுப்பித்தால் அது போச்சு. உதாரணமாக, கட்டிய ஏஆர்எஃப் 18,000 என்றால் பார்ஃப் 9,000. பிகியூபி 100,000 என்றே வைத்தால்:

10 வருஷம்: 109,000 வகுத்தல் 10, வருஷம் 10,900.
5 வருஷம்: 59,000 வகுத்தல் 5, வருஷம் 11,800.

இழந்த பார்ஃபைக் குறைந்த வருஷங்களில் பங்கு போடுவதால் 5 வருஷம் உங்களுக்கு விலை கூடும். பதிவின்போது மாசுத் தள்ளுபடி கிடைத்த வண்டி என்றால், தள்ளுபடி போகக் கட்டிய ஏஆர்எஃபை வைத்துத்தான் பார்ஃப். ஒன்மோட்டாரிங் என்ற அரசு வாகன இணையதளத்தில் வண்டி எண் போட்டு எடுத்த தாளில் சரியான எண் இருக்கும்.

செங்காங் தம்பிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

#8 ஈசூன்_அக்கா

யாரும் இன்ஷூரன்ஸைத் தொடவில்லையே. 20 வயது வண்டிக்குச் சில நிறுவனங்கள் முழுக்காப்பு தரவே தராது, சில தந்தாலும் எக்ஸஸ் தொகை (விபத்துச் செலவில் நாமே கட்டும் பங்கு) எகிறும். சிஓஇ பணம் கட்டியபிறகு தேடாதீர்கள். கட்டுவதற்கு முன்பே பதிவு ஆண்டு, புதிய சிஓஇ முடிவு தேதி இரண்டையும் சொல்லி எழுத்தில் விலை வாங்குங்கள்.

முழுக்காப்பு கிடைத்தால் கேட்க வேண்டிய கேள்வி: வண்டி முற்றாக நொறுங்கினால் தரும் சந்தை விலையில் சிஓஇ அடங்குமா, புதுப்பித்தபின் அந்த மதிப்பை உயர்த்தி எழுதியிருக்கிறார்களா. பழைய பாலிசியை அப்படியே தொடர்ந்தால், முடியப்போகும் சிஓஇ மதிப்பில்தான் இருக்கும்.

மூன்றாம் தரப்புக் காப்பு மட்டுமே கிடைத்தாலும் எல்லாம் போச்சு என்றில்லை. வண்டி உருப்படாமல் போனால் பதிவை நீக்கி, மிச்சமுள்ள மாதங்களுக்குரிய சிஓஇ தொகையை எல்டிஏயிடமிருந்து (நிலப் போக்குவரத்து ஆணையம்) வாங்கலாம். உங்கள் நஷ்டம் உடம்பும் செய்த ரிப்பேரும்தான். ஆனால் கடன் வாங்கி சிஓஇ கட்டியிருந்தால் அந்தப் பணம் முதலில் கடன்காரருக்குப் போகும்.

கடன் என்றதும் ஒன்று. விளம்பரத்தில் வரும் வட்டி நேர்வட்டி. 100,000க்கு 3 விழுக்காடு, 7 வருஷம் என்றால் வட்டி மட்டும் 21,000, மாதம் 1,440 சொச்சம். குறையும் அசலின் மேல் பார்த்தால் அது ஐந்தரை விழுக்காட்டுக்கு மேல். கணக்குப்பிள்ளை போட்ட வருஷம் 10,000 என்பது ரொக்கமாகக் கட்டுபவருக்கு.

#9 செங்காங்_ஸ்விஃப்ட்

நன்றி அக்கா. பாதியில் விட்டால் சிஓஇ பணம் திரும்ப வரும் என்றால், 10 வருஷம் கட்டிவிட்டு ஐந்தாம் வருஷம் விட்டாலும் 5 வருஷம் கட்டியதும் ஒன்றுதானே?

#10 கணக்குப்பிள்ளை

செலவு ஒன்றுதான். 100,000 கட்டி ஐந்தாம் வருஷ முடிவில் பதிவை நீக்கினால் 50,000 திரும்பும். வித்தியாசம், அந்த 50,000 ஐந்து வருஷம் முடங்கிக் கிடக்கிறது. கடன் என்றால் அதற்கு வட்டி. பதிலுக்கு உங்களுக்குக் கிடைப்பது ஆறாம் வருஷமும் ஓட்டும் உரிமை. 5 வருஷத் திட்டத்தில் வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் அன்றோடு முடிவு.

அதனால் வண்டியைச் சரிசெய்யப் பணம் போடுபவர் 10 எடுப்பதுதான் பொருத்தம். 5 எடுத்தால் ரிப்பேரையும் 5 வருஷத்துக்கு மட்டும் செய்யுங்கள். 8,000 வெள்ளி வேலையை 5 வருஷத்தில் கரைத்தால் வருஷம் 1,600, பத்தில் 800.

நான் இப்போதும் விடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

#11 பழைய_இரும்பு

விடுவதாக இருந்தால் என்ன கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிஓஇ கடைசி மாதம் வரை ஓட்டிவிட்டால் திரும்ப வர எதுவும் இல்லை, பார்ஃபும் இல்லை. உடம்புக்கு இரும்பு விலை, ஏற்றுமதிக்காரர் எஞ்சின் கியர்பாக்ஸ் கேட்டால் கொஞ்சம் கூட. மூன்று நான்கு இடத்தில் விலை கேளுங்கள், முதல் ஆள் சொல்வதை வாங்கிக்கொள்ளாதீர்கள். இருக்கை, ரிம், சஸ்பென்ஷன் ஆகியவற்றுக்கு இந்த மாடல் வைத்திருப்பவர்களிடம் தனியாக மதிப்பு உண்டு. ஆனால் கழற்றியபின் ஸ்கிராப் யார்டு விலையைக் குறைக்கும், எதைக் கழற்றப் போகிறீர்கள் என்று முன்பே பேசிவிடுங்கள்.

பதிவு நீக்கியபின் ஒரு மாதத்துக்குள் அங்கீகரிக்கப்பட்ட ஸ்கிராப் யார்டிலோ ஏற்றுமதிக் கிடங்கிலோ வண்டியை ஒப்படைத்து எல்டிஏக்குச் சான்று போக வேண்டும். வேறு ஊர்களில் மாதிரி போர்த்தி வீட்டு முன்னால் வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே இங்கு கிடையாது. பழங்காலக் கார்களுக்கான கிளாசிக் திட்டம் பற்றிக் கேட்பீர்கள்: பதிவிலிருந்து 35 வயது வேண்டும், வருஷத்துக்கு 45 நாள்தான் ஓட்டலாம். உங்கள் வண்டிக்கு அது 2042. 2027இலும் கட்டி 2037இலும் கட்டினால்தான் அங்கே போய்ச் சேரும்.

#12 காக்கிபுக்கிட்_ஸ்பேனர்

உடம்பு தேறினால் அடுத்தது எஞ்சின். ஆயில் எவ்வளவு குறைகிறது என்பதை அளந்து சொல்லுங்கள், "குறைகிறது" என்றால் எதுவும் புரியாது. சமதளத்தில், குளிர்ந்த எஞ்சினில், டிப்ஸ்டிக் மேல்கோடு வரை நிரப்புங்கள். 1,000 கி.மீ. ஓட்டி அதே இடத்தில் அதே மாதிரி அளக்கும் குவளையால் மேல்கோடு வரை ஊற்றுங்கள். ஊற்றிய அளவுதான் விடை. 300 மில்லிக்குள் என்றால் இந்த வயதுக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை. அரை லிட்டரைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும்.

அதற்குள் பிசிவி வால்வை மாற்றுங்கள். மலிவான பாகம். அது அடைத்தால் கிராங்க்கேஸ் அழுத்தம் ஏறி ஆயில் இன்டேக் பக்கம் போகும்.

பிறகு கம்ப்ரஷன் சோதனை. எஞ்சின் நன்றாகச் சூடாக இருக்கணும். நான்கு பிளக்கையும் கழற்றி வரிசை மாறாமல் வைக்கணும், எது எண்ணெய்ப்பசையோடு இருக்கிறது என்று பார்க்க. பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டிக்கணும். ஆக்சிலேட்டர் முழுக்கத் திறந்திருக்க, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஐந்தாறு வினாடி சுற்றணும். பேட்டரி பலவீனமாக இருந்தால் எண்கள் எல்லாமே பொய். நான்குக்கும் இடையில் 1 பாருக்கு மேல், அதாவது 14, 15 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் இருந்தால், குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளங்கள். எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

காலைச் சத்தத்துக்குச் செயினைக் குற்றம் சொல்லும்முன் ஆயில் ஃபில்டரைப் பாருங்கள். மலிவு ஃபில்டரில் ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு சரியாக மூடாது. இரவெல்லாம் வடிந்து, காலையில் அழுத்தம் வரும்வரை செயின் டென்ஷனர் தளர்ந்திருக்கும். அசல் ஃபில்டர் போட்டு, ஆயில் அளவைச் சரியாக வைத்தும் சத்தம் தொடர்ந்தால் செயின், கைடு, டென்ஷனர் எல்லாம் ஒரே செட்டாக மாற்றுங்கள், முன் கிராங்க் சீலும் சேர்த்து. டென்ஷனர் மட்டும் புதிது போட்டு நீண்ட செயினை விட்டுவைப்பது அரைவேலை.

ஏர்கான்: நின்றால் மட்டும் குளிரவில்லை, ஓடினால் குளிர்கிறது என்றால் முதலில் கண்டன்சர் விசிறி. சுழல்கிறதா, முழு வேகத்தில் சுழல்கிறதா. கண்டன்சர் முன்பக்கம் தூசி அடைத்திருக்கிறதா. கேஸ் குறைந்திருந்தால் சும்மா ஊற்றி அனுப்பும் இடம் வேண்டாம், எங்கே கசிகிறது என்று நைட்ரஜன் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். டாஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டர் என்றால் கூலிதான் பெரிது. டாஷைக் கழற்றும்போது எக்ஸ்பான்ஷன் வால்வு, டிரையர் இரண்டையும் மாற்றாமல் மூடாதீர்கள். அரைமணி நேரமாவது வேக்குவம், பிறகு ஆர்134ஏ கேஸை எடை போட்டு ஏற்றணும். எத்தனை கிராம் என்பது பானட் அடியில் ஒட்டியிருக்கும்.

#13 செங்காங்_ஸ்விஃப்ட்

பார்த்தாச்சு. வைப்பர் மூடிக்கு அடியில் அண்ணே சொன்னதேதான், வடிகால் முழுக்க இலைச்சேறு. கம்பளத்துக்கு அடியில் பஞ்சு சொதசொத, தகட்டில் ஒரு கையளவு மேல்துரு, உரியவில்லை. போல்ட் இடங்கள் சுத்தம். லிஃப்டில் பின் ஸ்பிரிங் கிண்ணமும் சப்ஃபிரேமும் கணீர் என்றன. பேட்டரித் தட்டு மட்டும் மோசம்.

ஆயில் 1,000 கி.மீ.க்கு 450 மில்லி. கம்ப்ரஷன் ஒன்று முதல் நான்கு வரை 178, 176, 152, 174 பிஎஸ்ஐ. மூன்றாவதில் ஆயில் விட்டபின் 171. மூன்றாவது பிளக் கருத்து ஈரமாக இருந்தது. ஃபில்டர் மாற்றியபின் காலைச் சத்தம் போயே போச்சு. ரிவர்ஸ் அமைதி, மூன்றாம் கியர் மட்டும் கரகரப்பு, கிளட்சை இரண்டுமுறை மிதித்தால் இல்லை.

எஞ்சின் முடிந்ததா?

#14 காக்கிபுக்கிட்_ஸ்பேனர்

முடியவில்லை. மூன்றாவது சிலிண்டரில் ரிங் தேய்ந்திருக்கலாம், ஆயில் ரிங் கரியில் ஒட்டியிருக்கலாம். முதலில் மலிவான வழி: பிளக் துளை வழியாகக் கரி கரைக்கும் திரவம் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, காலையில் பிளக் இல்லாமல் எஞ்சினைச் சுற்றி வெளியேற்றி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றணும். சிலிண்டரில் திரவம் நிற்கும்போது பிளக்கை மாட்டி ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் வளையும், அதை மட்டும் மறக்க வேண்டாம். பிறகு மறுபடி 1,000 கி.மீ. அளவெடுங்கள். ஒட்டிய ரிங் என்றால் எண் இறங்கும். தேய்ந்த ரிங் என்றால் இறங்காது.

இறங்காவிட்டாலும் 450 மில்லியில் பல வருஷம் ஓடலாம், வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக் பார்க்கும் ஒழுக்கம் இருந்தால். ஆபத்து ஆயில் குடிப்பதில் இல்லை, குறைந்த ஆயிலில் ஓட்டுவதில். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மெல்ல அடைபடும், ஒருநாள் புகைச் சோதனையில் தோற்கும். அப்போது எஞ்சினைப் பிரிப்பதா, வெட்டிய பழைய வண்டியிலிருந்து எடுத்த ஹாஃப்கட் எஞ்சினா என்று பேசலாம். வேறு எஞ்சின் இறக்குவதானால் எல்டிஏ அனுமதியை முதலில் வாங்கிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும், எஞ்சின் எண் பதிவில் மாற வேண்டும்.

இந்த உடம்புக்கு நான் 10 வருஷம் கட்டச் சொல்வேன்.

#15 மேனுவல்_மணி

ரப்பரை விட்டுவிட்டீர்களே அண்ணே. 20 வருஷ ரப்பர், கிலோமீட்டர் பார்த்து அல்ல, வயது பார்த்து மாற்ற வேண்டும். பிரேக் ஹோஸ் நான்கு, ரேடியேட்டர் ஹோஸ் மேலும் கீழும், பெட்ரோல் ஹோஸ், எஞ்சின் மவுண்டிங், முன் லோயர் ஆர்ம் புஷ். பிரேக் ஹோஸையும் பெட்ரோல் ஹோஸையும் முதலில் செய்யுங்கள், மற்றவை அப்புறம். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலைப்பகுதி பழுப்பேறி மயிரிழை வெடிப்பு தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். தீவு விரைவுச்சாலையில் மாலை நெரிசலில் அது வெடித்தால் ஹெட் கேஸ்கெட்டோடு சேர்த்துக் கணக்கு வரும்.

லோயர் ஆர்மில் புஷ் மட்டும் அழுத்திப் போடுவதா, முழு ஆர்மா என்றால் பால் ஜாயிண்டும் ஆடும்போது முழு ஆர்ம். பிறகு வீல் அலைன்மென்ட். புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும் உயரத்தில் இறுக்கச் சொல்லுங்கள். லிஃப்டில் தொங்கும்போது இறுக்கினால் புதிய ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும். இதை அவசரத்தில் விடும் கடைகள் நிறைய.

பாகங்களுக்கு உபி, காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் ஸ்டாக்கிஸ்டுகளிடம் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். சாதா ஸ்விஃப்ட் 1.5இன் பிரேக், சஸ்பென்ஷன் பாகம் ஸ்போர்ட்டுக்குப் பல இடங்களில் பொருந்தாது. ஜோகூரில் செய்யப் போனால் முக்கால் டேங்க் விதி (சிங்கப்பூரை விட்டுப் போகும்போது டேங்க்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும்), விஇபி (மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி) இரண்டையும் முடித்துக்கொண்டு போங்கள். அங்கே நம் வண்டிக்கு ரான்95 போட முடியாது, 97தான்.

#16 கணக்குப்பிள்ளை

உடம்பு நன்றாக இருக்கிறது என்பதால் என் "விடுங்கள்" கொஞ்சம் இறங்குகிறது, மறையவில்லை. கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும் என்றால் இப்போதும் வேண்டாம் என்பேன். ரொக்கம் இருக்கிறது, அதோடு ரிப்பேருக்கென்று வருஷம் 2,000 தனியாக ஒதுக்க முடியும் என்றால் 10 வருஷம். 5 வேண்டாம், காரணம் மேலே சொன்னதுதான்.

#17 செங்காங்_ஸ்விஃப்ட்

ரொக்கம்தான். 10 என்றே முடிவு. வேலைகளை சிஓஇ கட்டுவதற்கு முன் செய்வதா பின்னா? சிஓஇ புதுப்பிக்க இன்ஸ்பெக்‌ஷன் தேவையா?

#18 காக்கிபுக்கிட்_ஸ்பேனர்

இன்ஸ்பெக்‌ஷன் கேட்பது சாலை வரிக்கு. கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது, முடிவையே மாற்றக்கூடிய வேலை: கரி ஊறவைத்து மறு அளவு, தரைத்துரு சுத்தம், கியர் ஆயில், ஏர்கான் கசிவு எங்கே என்ற சோதனை. எல்லாம் சின்னச் செலவு. டாஷ் பிரிப்பு, கியர்பாக்ஸ் இறக்கம், சஸ்பென்ஷன் எல்லாம் கட்டியபின்.

இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகும்முன் டிண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்கண்ணாடியும் முன்கதவுக் கண்ணாடியும் 70 விழுக்காடு ஒளி விட வேண்டும், பின்னால் 25. எல்டிஏ அங்கீகாரம் இல்லாத மஃப்ளர் இருந்தால் அசலை மாட்டுங்கள். பேட்டரித் தட்டை இப்போதே மாற்றிவிடுங்கள் தம்பி, அந்த ஆசிட் துரு பக்கத்துத் தகட்டுக்குப் பரவும்.